சிரிப்புக்கு எத்தனை மார்க்

என் மனைவி என்னுடைய ஜோக்கைக் கேட்டு முதன்முதலாகச் சிரித்தது, எங்களுக்குக் கல்யாணமாகி ஏறக்குறைய நாற்பது வருஷம் ஆன பிறகு. அப்போது அவளுக்கு டிமென்ஷியா என்று டாக்டர் சொல்லி ஒரு வருஷம் முடிந்திருந்தது. இந்த இரண்டுக்கும் ஏதாவது சம்பந்தம் இருக்குமோ என்று சாதாரண ஆளுக்குத் தோன்றியிருக்கும். எனக்குத் தோன்றவில்லை. நான் பட்டிமன்றப் பேச்சாளன். எதிரே இருப்பவர் சிரித்துவிட்டால் அடுத்த ஜோக்குக்குப் போவோமே தவிர, ஏன் சிரித்தார் என்று ஆராய்கிற வழக்கம் எங்களிடம் கிடையாது.

பேச்சாளன் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ரிட்டயர் ஆகும்வரை பகலெல்லாம் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர் வேலை. ஆடி மாதக் கோயில் திருவிழா, பள்ளி ஆண்டு விழா, குடியிருப்போர் சங்கத்தின் பொங்கல் விழா என்று எங்கே கூப்பிட்டாலும் சாயங்காலம் போய்ப் பேசுவேன். குடும்ப மகிழ்ச்சிக்குக் காரணம் கணவனா மனைவியா என்பதுதான் பெரும்பாலும் தலைப்பு. நான் கணவன் அணியில் மூன்றாவது ஆள். மனைவி அணிதான் ஜெயிக்கும். அது நடுவர் மேடை ஏறுவதற்கு முன்பே முடிவாகிவிட்ட விஷயம். தோற்பதற்கு முன்னால் கூட்டத்தைக் கொஞ்சம் சிரிக்கவைத்துவிட்டு உட்காருவது என் வேலை. பல்லாவரத்தில் தொடங்கி வண்டலூர் வரை என்னைத் தெரியும். வண்டலூரைத் தாண்டினால் யாருக்கும் தெரியாது. அங்கே மிருகக்காட்சி சாலைக்குள் ஒருவேளை தெரிந்திருக்கலாம்.

அந்த மிருகக்காட்சி சாலையை வைத்துத்தான் என்னுடைய பெயர்பெற்ற ஜோக்கும்.

"நானும் என் சம்சாரமும் வண்டலூர் ஜூவுக்குப் போனோங்க. சுத்திப் பாத்துட்டு வெளிய வர்றோம், கேட்ல வாட்ச்மேன் என்னை மட்டும் புடிச்சுக்கிட்டான். விடவே மாட்டேங்கறான். என் சம்சாரம் ஓடி வந்து சொல்றா, 'ஐயா, அதை விட்ருங்க, அது எங்க வீட்டுது!'"

இந்த ஒரு ஜோக் வாங்கிக்கொடுத்த பொன்னாடைகள் மட்டுமே எங்கள் பீரோவில் ஒரு தட்டு நிறைய இருக்கின்றன.

மேடையில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மைக்கைப் பிடித்ததும் கூட்டத்தில் ஏதாவது ஒரு முகத்தைப் பிடித்துக்கொள்வோம். அந்த முகம் சிரித்தால் பேச்சு சரியாகப் போகிறது. சிரிக்காவிட்டால் ஜோக்கை மாற்ற வேண்டும். எங்களுக்கு இருக்கும் தராசு அது ஒன்றுதான். ஒருமுறை பம்மலில் ஒரு கோயில் விழாவுக்கு மனைவியையும் கூட்டிப்போயிருந்தேன். முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். புத்தி கெட்டுப்போய் அவள் முகத்தைப் பிடித்துக்கொண்டேன். கூட்டமே உருண்டு புரண்டு சிரித்தது. அந்த ஒரு முகம் மட்டும் ரேஷன் கடை வரிசையில் நிற்பதுபோல இருந்தது. ஷேர் ஆட்டோவில் திரும்பி வரும்போது கேட்டேன்.

"அத்தனை பேரும் சிரிச்சாங்களே, உனக்கு ஒண்ணுமே தோணலையா?"

"தோணுச்சு. பருப்பை ஊறப் போட்டுட்டு வந்தேனா இல்லையான்னு தோணுச்சு."

அவ்வளவுதான் விமர்சனம். பிறகு நான் அவளைக் கூப்பிடவுமில்லை, அவள் வரவுமில்லை. வீட்டில் நான் வாயைத் திறந்தால், "போதும், மிச்சத்தை மேடைக்கு வெச்சுக்குங்க" என்பாள்.

எங்கள் வீடு கிழக்குத் தாம்பரத்தில், கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு தெருவில் இருக்கிறது. கீழே நாங்கள். மாடிப் போர்ஷனை வாடகைக்கு விட்டிருந்தோம். நான் பேருக்குத்தான் வீட்டுக்காரன். குடித்தனக்காரர்களுக்கு ஹவுஸ் ஓனர் என்றால் அவள்தான். கேட்டைச் சாத்தாமல் போனால் ஒரு குரல், மாடிப்படியில் செருப்பு கிடந்தால் ஒரு குரல். மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்து, மேலே தொட்டி நிரம்பி வழிந்தால் தெருவே கேட்கிற குரல். எத்தனையோ குடும்பங்கள் வந்து, திட்டு வாங்கி, காலி பண்ணிக்கொண்டு போயின. போகும்போது எல்லோருமே அவளிடம்தான் அழுதுவிட்டுப் போனார்கள். என்னிடம் யாரும் அழுததில்லை.

நோயின் முதல் அடையாளமும் அந்த மோட்டார்தான். போட்டது அவள். மறந்தது அவள். தொட்டி வழிந்ததும் மேலே போய்க் குடித்தனக்காரர்களைத் திட்டியதும் அவள்தான். ஒரு தடவை நடந்திருந்தால் பொறுத்திருப்பார்கள். நாள் தவறாமல் நடந்தது. அப்போது மாடியில் கைக்குழந்தையோடு குடியிருந்த பெண் கடைசியில் என்னிடம் வந்து, "சார், அம்மாவை டாக்டர்கிட்ட காட்டுங்க" என்று மெதுவாகச் சொன்னாள். அடுத்த மாதம் காலி செய்துவிட்டார்கள். அதற்குப் பிறகு மாடியை யாருக்கும் விடவில்லை.

அவள் முதலில் சிரித்தது ஒரு காலை நேரம். சமையல் மேடைக்கு முன்னால் நின்றுகொண்டு, அடுப்பை எப்படிப் பற்றவைப்பது என்று தெரியாமல் லைட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் போய் வாங்கி அடுப்பைப் பற்றவைத்தேன். அவள் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் செய்தேன். வண்டலூர் ஜோக்கைச் சொன்னேன். அவள் என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

நாற்பது வருஷம் காத்திருந்த கைதட்டல். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

மறுநாளும் அதே ஜோக்; மறுநாளும் அதே சிரிப்பு. எந்தப் பேச்சாளனுக்கு இப்படி ஒரு ரசிகை கிடைப்பாள்? பழைய சரக்கு ஒவ்வொரு விடிகாலையிலும் புதுச் சரக்காகிவிடுகிறது. அவளைப் பார்த்துக்கொள்ளப் பம்மலிலிருந்து பஸ் பிடித்து ஒரு பெண் வருவாள். காலையில் வந்து சாயங்காலம் போவாள். அவள்தான் ஒருநாள் பொறுக்கமாட்டாமல் சொன்னாள்.

"இன்னா சார், நேத்தும் இதே ஜோக்குதான. முந்தாநாளும் இதான். ஒரே பேஜாரா கீது."

"நீயும்தான சிரிச்ச?"

"எனக்கு நீ சம்பளம் குடுக்குற சார், நான் சிரிக்கிறேன். அம்மா இன்னாத்துக்கு சிரிக்குதுன்னுதான் தெர்ல."

இதையும் நான் ஒரு நல்ல ஜோக்காகத்தான் எடுத்துக்கொண்டேன். மேடை ஏதாவது கிடைத்தால் பயன்படுத்தலாம் என்றுகூட நினைத்தேன்.

சிரிப்பைத் தவிர மற்றதெல்லாம் இறங்குமுகமாகத்தான் இருந்தது. புடவையை நனைத்துவிட்டு அதை மெத்தைக்கு அடியில் ஒளித்துவைப்பாள். தட்டில் இருக்கும் சோற்றைப் பார்த்து இது யாருடையது என்று கேட்பாள். சாயங்காலமானால் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிடுவாள், பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவள் மாதிரி. மகள் இதையெல்லாம் பார்த்துவிட்டு ஒரு ஏற்பாட்டோடு வந்தாள். அவள் பெரும்பாக்கத்தில் இருக்கிறாள், சிறுசேரியில் வேலை. வண்டலூர் பக்கம் இப்படிப்பட்டவர்களுக்கென்றே ஒரு இல்லம் இருக்கிறதாம். தோட்டம் இருக்கிறது, நர்ஸ்கள் இருக்கிறார்கள்.

"வண்டலூர்லயா? உங்க அம்மாவைக் கூண்டுல விடப் போறியா?" என்றேன்.

"அப்பா, எல்லாத்துக்கும் ஜோக்கா? அம்மா இங்க சந்தோஷமா இருக்காங்கன்னு நீங்க எதை வெச்சு சொல்றீங்க?"

"சிரிக்கறாளே!"

மகளும் அதைப் பார்த்திருந்தாள். அதனால் கொஞ்சம் இறங்கி வந்தாள். அம்மாவைக் காட்டுகிற மருத்துவமனையில், நோயாளியின் வாழ்க்கை எப்படி இருக்கிறது என்று கேட்டுக் கேட்டு அளப்பதற்கென்றே ஒரு பெண் இருப்பதாகச் சொன்னாள். சில மாதங்களுக்கு ஒருமுறை வீட்டுக்கே வந்து கேட்பாளாம். அளவு நன்றாக இருந்தால் அம்மா இங்கேயே இருக்கட்டும். குறைந்துகொண்டே போனால் வண்டலூர். இதுதான் எனக்கும் மகளுக்கும் நடந்த ஒப்பந்தம். மனைவி எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள். அவளை யாரும் கேட்கவில்லை.

அந்த மருத்துவமனைப் பெண் ஸ்கூட்டியில் வந்தாள். மகளைவிடச் சின்னவள். உடம்பு, மனசு, ஞாபகம், வீடு, சாப்பாடு, குடும்பம், கல்யாண வாழ்க்கை என்று வரிசையாகக் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் மோசம், சுமார், நல்லா இருக்கு, ரொம்ப நல்லா இருக்கு என்று நான்கு பதில். அதே கேள்விகளை நோயாளியிடமும் கேட்பார்கள். கூட இருப்பவரிடமும் கேட்பார்கள்.

"உங்க உடம்பு எப்படிம்மா இருக்கு?"

மனைவி என்னைப் பார்த்தாள்.

"உடம்புக்கு என்ன? இத்தனை வருஷம் என் பேச்சைக் கேட்டும் கெடாத உடம்பு அது" என்றேன். மனைவி சிரித்தாள். அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டாள். அப்புறம் என்னை மேடையிலிருந்து யார் இறக்க முடியும்?

"சார், அம்மாவே சொல்லட்டும் சார்."

"நான் எங்க தடுத்தேன்? இந்த வீட்டுல எனக்குப் பேச வாய்ப்பு கிடைச்சதே இப்பதான்."

மறுபடி சிரிப்பு. ஒவ்வொரு கேள்விக்கும் மனைவி முதலில் என் முகத்தைப் பார்ப்பாள். பிறகு "நல்லா இருக்கு" என்பாள். புருஷனைக் கேட்காமல் பதில் சொல்லாத மனைவி! கல்யாணமான நாளிலிருந்து நான் பார்க்காத அதிசயம். எனக்கு ஒரே பெருமை. என் முறை வந்தபோது எல்லாவற்றுக்கும் ஒரு படி மேலேயே போட்டேன். கல்யாண வாழ்க்கைக்கு "ரொம்ப நல்லா இருக்கு" என்றேன்.

"பொதுவா கூட இருக்கறவங்க குறைச்சுதான் சொல்வாங்க சார். நீங்க அம்மாவைவிட அதிகமா சொல்றீங்க" என்றாள் அந்தப் பெண் யோசனையோடு.

"எங்க அணி எப்பவும் தோக்கும்மா. ஒரு தடவை ஜெயிக்க விடு."

அன்றைக்கே மகளுக்குப் போன் செய்து மார்க்கைச் சொன்னேன். பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த பையன் மாதிரி சொன்னேன். மகள், "சரிப்பா" என்றாள்.

அதன் பிறகு நடந்த சில விஷயங்களை நான் அப்போது எப்படிப் பார்த்தேன் என்பதை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது. நான் அறைக்குள் நுழைந்தால் அவள் கை தானாகக் கழுத்துக்குப் போகும். தாலிச் சங்கிலியை ஜாக்கெட்டுக்குள் தள்ளி, முந்தானையை இழுத்து மூடிக்கொள்வாள். எங்கள் பக்கத்தில் தெருவில் பைக் சத்தம் கேட்டால் பெண்கள் அப்படித்தான் செய்வார்கள். சங்கிலி பறிக்கிறவனுக்கு வண்டி வேண்டும், எனக்கு அதுகூட இல்லை என்று சொல்லி அதையும் ஜோக்காக்கினேன். சிரித்தாள். பம்மல் பெண் வராத ஞாயிற்றுக்கிழமைகளில் நான்தான் அவளைக் குளிக்கவைப்பேன். அப்போதும் சிரிப்பாள். இரண்டு கையையும் மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு, சுவரோடு ஒட்டி நின்று, என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருப்பாள். குளிர் என்று நினைத்தேன். வெந்நீரை இன்னும் கொஞ்சம் சூடாக்கினேன்.

இரண்டாவது தடவை வந்தபோது அந்த மருத்துவமனைப் பெண் வாசலிலேயே சொல்லிவிட்டாள்.

"சார், இன்னிக்கு அம்மாகிட்ட நான் தனியா பேசறேன். கோச்சுக்காதீங்க. நீங்க இருந்தா எனக்கே சிரிப்பு வந்துடுது."

இதைவிட மரியாதையாக ஒருவனை மேடையிலிருந்து இறக்க முடியாது. வெளியே வந்தேன். வீட்டின் பக்கவாட்டுச் சந்தில்தான் மோட்டார் ஸ்விட்ச். காலையில் தண்ணீர் ஏற்ற மறந்திருந்தேன்; அதைப் போட்டுவிட்டு அங்கேயே நின்றேன். கூடத்து ஜன்னல் அந்தச் சந்தில்தான் திறக்கும். ஒட்டுக்கேட்கவில்லை என்று சொல்லமாட்டேன். இறக்கிவிடப்பட்ட பேச்சாளன் திரைக்குப் பின்னால் நின்று, தன் பெயரை யாராவது சொல்கிறார்களா என்று கேட்பான். அதைத்தான் செய்தேன்.

"வீட்டுல யார் யாரும்மா இருக்கீங்க?"

"நானும் இந்தப் பம்மல் பொண்ணும். அவர் வெளியூர் போயிருக்கார். பட்டிமன்றம்."

"அவர்னா உங்க வீட்டுக்காரரா?"

"ஆமா. வந்துடுவார்."

"அப்போ, இப்ப இங்க இருந்தாரே ஒருத்தர்?"

 அவள் குரல் தணிந்தது.

"மெதுவா பேசும்மா. வெளியதான் நிப்பார். யாருன்னு தெரியல. வர்றார், போறார். எந்நேரமும் ஏதோ பேசிக்கிட்டே இருக்கார்."

"அவர் பேசினா நீங்க சிரிக்கறீங்களே?"

"சிரிக்கலைன்னா கோச்சுக்கிட்டார்னா? வீட்டுல ஆம்பள இல்லாத நேரம். குளிக்க வைக்கறேன்னு உள்ள வரைக்கும் வந்துடறார். என்ன பண்ணச் சொல்ற? சிரிச்சு வெச்சா ஒண்ணும் பண்ணாம போயிடறார்."

அந்தப் பெண் பேப்பரைத் திருப்பும் சத்தம் கேட்டது. பிறகு, "உங்க வீட்டுக்காரரும் நல்லா ஜோக் சொல்வாராமே அம்மா?" என்றாள்.

"ஊரே சிரிக்கும்" என்றாள் என் மனைவி. பயமெல்லாம் போய் அவளுடைய பழைய குரல் வந்துவிட்டிருந்தது. "எனக்குச் சிரிப்பு வராது. அவர் சொன்னா நான் எதுக்குச் சிரிக்கணும்? அவர் என்ன, வேத்து மனுஷரா?"

நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. மேலே தொட்டி நிரம்பி, தண்ணீர் குழாய் வழியாகச் சந்தில் கொட்டி, என் தலையிலும் தோளிலும் விழுந்தது. ஸ்விட்ச் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. கை போகவில்லை.

அப்போதுதான் உள்ளேயிருந்து அந்தக் குரல் கிளம்பியது. ரகசியம் பேசிக்கொண்டிருந்தவள் எழுந்து ஜன்னலுக்கே வந்துவிட்டாள் போலிருக்கிறது.

"மாடியில யாருங்க? தண்ணி வழியறது காதுல விழல? மோட்டாரை நிறுத்தத் தெரியலைன்னா எதுக்குப் போடறீங்க? உங்க அப்பன் வீட்டுத் தண்ணியா?"

மாடியில் யாரும் இல்லை. தெருவே கேட்டது. அந்தக் குரலில் ஒரு சொட்டு பயம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். குளியலறை விஷயத்தையும் சொன்னேன். அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் கொஞ்சம் அழுதாள். பிறகு கேட்டாள்.

"அப்போ ஹோமே பரவாயில்லதானப்பா?"

"அங்க போனா எல்லாருமே தெரியாதவங்க. விடிஞ்சா எழுந்து எத்தனை பேரைப் பாத்துச் சிரிப்பா? இங்க அவளுக்குத் தெரியாத ஆளு ஒருத்தன்தான். அவன் போயிட்டா போதும்."

"ஜோக் அடிக்காதீங்கப்பா."

"இது ஜோக் இல்லம்மா. நான் மாடிக்குக் குடி போறேன்."

பம்மல் பெண்ணிடம் பேசி, அவளை இரவிலும் தங்கும்படி ஏற்பாடு செய்தோம். என்னிடம் இருந்தது ஒரு பெட்டி, பாய், தலையணை, கொஞ்சம் புத்தகங்கள். பொன்னாடைகளைக் கீழேயே விட்டுவிட்டேன். ஒருநாள் காலையில், தெருவிலிருந்து கேட்டைத் திறந்துகொண்டு புதிதாக வருகிறவன் மாதிரி வந்தேன்.

"அம்மா, மாடிக்கு ஆள் வந்துகினு கீது பாரு" என்றாள் பம்மல் பெண்.

மனைவி வாசலுக்கு வந்து என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எத்தனை பேரு?"

"ஒண்டி ஆளும்மா."

"பேச்சிலரா? நாங்க ஃபேமிலிக்குதான் விடறது."

எழுபதை நெருங்குகிற வயதில் தாம்பரத்தில் வீடு கிடைக்காத பேச்சிலராகிவிட்டேன். இதற்கு என் வாயில் நாலைந்து ஜோக்குகள் முட்டின. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"சம்சாரம் ஊர்ல இருக்காம்மா."

"கேட்டை ராத்திரி பூட்டிடுவேன். படியில செருப்பு விடக் கூடாது. மோட்டார் போட்டா நின்னு நிறுத்தணும். அவர் வந்ததும் அட்வான்ஸ் விஷயம் பேசிக்குங்க."

நான் அவள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது இடுப்பில் இருந்தது. கழுத்துக்குப் போகவில்லை. சங்கிலி வெளியே தெரிய நின்றுகொண்டிருந்தாள்.

இத்துடன் எல்லாம் சுகமாகிவிட்டது என்று சொல்ல ஆசைதான். அப்படி இல்லை. சாயங்காலமானால் கீழே அவள் குரல் கேட்கும். "அவர் ஏன் இன்னும் வரல? எந்த ஊருன்னு சொல்லிட்டுப் போனார்?" பம்மல் பெண், "வந்துருவாரும்மா, நீ சாப்டு" என்பாள். "பட்டிமன்றம் முடிஞ்சிருக்குமே. கடைசி வண்டியை விட்டுட்டாரோ?" சில நாட்களில் அழுகைச் சத்தமும் வரும். முதல்முறை தாங்கமுடியாமல் இறங்கி ஓடினேன். "இதோ வந்துட்டேன்" என்று எதிரில் போய் நின்றேன். அவள் என்னைப் பார்த்தாள். அழுகை சட்டென்று நின்றது. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு, தலையைக் குனிந்து, சிரித்தாள்.

ஒன்றும் பேசாமல் மாடி ஏறினேன். அந்தச் சிரிப்பை நிறுத்துவதற்கு இந்த உலகத்தில் என்னால் முடிந்த காரியம் இது ஒன்றுதான். இப்போதெல்லாம் அவள் அழும்போது மாடிப்படிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மேலேயே நிற்கிறேன். அவள் கீழே எனக்காகக் காத்திருக்கிறாள். கேட்டில் என்னைப் பிடித்துவைத்திருக்கிறார்கள். அது எங்க வீட்டுது என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் உள்ளே அழுதுகொண்டிருக்கிறாள்.

மூன்றாவது தடவை மருத்துவமனைப் பெண் வந்தபோது மாடிக்கே ஏறி வந்து என்னைப் பார்த்தாள். முகம் வாடியிருந்தது.

"சார், எல்லாமே இறங்கியிருக்கு. மனசு எப்படின்னா சுமார்ங்கறாங்க. கல்யாண வாழ்க்கை மோசமாம், ஆளே வீட்டுக்கு வரலையாம். வீடு எப்படி இருக்குன்னு கேட்டா, மாடியில ஒரு ஆளு இருக்கான், தண்ணியை வீணாக்கறான்னு சொல்றாங்க. போன தடவை மாதிரி சிரிக்கவே இல்ல சார்."

"உன்னை முறைச்சாளா?"

"ஆமா சார். கேள்வி கேட்டு உயிரை எடுக்கறேன்னு பாதியில எழுந்து போயிட்டாங்க."

"அதுக்கு ஏதாவது மார்க் உண்டாம்மா?"

அவள் யோசித்துப் பார்த்தாள். "அதுக்குன்னு கேள்வி இல்ல சார்" என்றாள். நல்ல பெண். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. நான் வாழ்நாள் முழுக்க அளந்ததும் அதே தராசில்தான்.

மகளுக்கும் மார்க் போய்ச் சேர்ந்தது. சாயங்காலம் போன் செய்தாள். ஒப்பந்தத்தை அவள் ஞாபகப்படுத்தவில்லை, நானே ஞாபகப்படுத்தினேன். குறைந்தால் வண்டலூர்.

"நீங்க என்னப்பா சொல்றீங்க?"

"நேத்து படியில செருப்பை விட்டுட்டேன். உங்க அம்மா அதை எடுத்து சாக்கடையில வீசிட்டா. இன்னிக்கு நான் வெறுங்காலோட கடைக்குப் போயிட்டு வந்தேன்."

மகள் சிரிக்கவில்லை. "சரிப்பா, இன்னும் கொஞ்ச நாள் பாக்கலாம்" என்றாள். கொஞ்ச நாள்தான். அது எனக்கும் தெரியும். இப்போதே முதல் இரண்டு படிகளுக்கு மேல் மனைவியால் ஏற முடிவதில்லை. ஒருநாள் குடித்தனக்காரனும் அவளுக்கு மறந்துபோவான். அப்போது மறுபடி என்னைப் பார்த்துச் சிரிப்பாள்.

இன்றைக்குக் காலையில் மோட்டாரைப் போட்டுவிட்டு வந்து மாடியில் உட்கார்ந்திருந்தேன். தொட்டி நிரம்பி வழிய ஆரம்பித்தது. கேட்டும் கேட்காததுபோல உட்கார்ந்திருந்தேன். நான் தெரிந்தே செய்கிற ஒரே ஊதாரித்தனம் இது. கீழே கதவு திறந்தது. அவள் வந்து படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தலைமுடி கலைந்திருந்தது. புடவை ஒரு பக்கம் தரையில் புரண்டது. சங்கிலி வெளியே கிடந்தது.

"சார்."

"என்னம்மா?"

"உங்களுக்கு எத்தனை தடவை சொல்றது? இது சரிப்படாது. அவர் வந்துட்டார்னா அவருக்குப் புஸ்தகமெல்லாம் வைக்க மாடி வேணும். நீங்க எப்ப காலி பண்றீங்க?"

நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, பம்மல் கோயிலில் முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தாளே, அதே முகத்தோடு என்னை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடுத்த மாசம்மா" என்றேன்.

"போன மாசமும் இதையேதான் சொன்னீங்க."

நான் சொல்லவே இல்லை. அவள் இதைக் கேட்பதே இன்றைக்குத்தான். வாய்வரைக்கும் ஒரு ஜோக் வந்தது. அதை விழுங்கிவிட்டு, அவள் ஒதுங்கி வழிவிடும்வரை காத்திருந்து, மோட்டாரை நிறுத்தப் போனேன்.